கொடி விழாத 23 நாட்கள்

என் மகன் பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் தொப்புள்கொடி விழவில்லை. தூத்துக்குடியில் இருந்து அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் கேட்பார். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் கணவரின் பாட்டி, வீட்டில் எல்லாருக்கும் அவர் ஆயா, காலையில் குழந்தையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாகத் துணியை விலக்கி வயிற்றைத்தான் பார்ப்பார். டொங்காட் பக்கம் கரும்புத் தோட்ட லைனில் பிறந்து வளர்ந்தவர், வயது 84, முப்பது குழந்தைகளுக்கு மேல் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர். "இன்னும் விழலையா? பத்து நாளுல விழுந்துடுமே" என்பார். அப்புறம் பேச்சை மாற்றிவிடுவார். அவர் பேச்சை மாற்றியதுதான் எனக்கு அதிக பயம் தந்தது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் முடிந்து டர்பனுக்கு வந்து 14 வருடம், அதில் பாதி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே போயிருக்கும். வெள்ளணுக்களை எண்ணுவதும் அவற்றின் உருவத்தைப் பார்ப்பதும் என் தினசரி வேலை. படித்த காலத்தில் ஒரு பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: கொடி விழ 30 நாளுக்கு மேல் ஆனால், சீழ் இல்லாத புண்கள் வந்தால், வெள்ளணு எண்ணிக்கை காரணமில்லாமல் ஏறிக் கிடந்தால், வெள்ளணு ஒட்டுதல் குறைபாட்டை நினைத்துப் பார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரி. சொந்தக் குழந்தைக்கு 18 நாள் ஆன அன்று ராத்திரி 2 மணிக்கு, பால் கொடுத்துக்கொண்டே அந்த வரியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொடிக்கும் வெள்ளணுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காய்ந்து, சருகு உதிர்வதுபோலத் தானாக விழுகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். காய்வது பாதி வேலைதான். உயிருள்ள தோலும் செத்துப்போன கொடியும் சந்திக்கிற அந்த ஒரு வளையத்தில், நியூட்ரோபில் என்கிற வெள்ளணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து, தங்கள் நொதிகளால் அந்த இடத்தைக் கரைத்து அறுத்துவிடுகின்றன. அவை வந்தால்தான் கொடி விழும். வெளியே வர வேண்டுமென்றால் முதலில் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டத் தெரியாத வெள்ளணு ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கொடி அப்படியே தொங்கும். 1979ல் லான்செட் மருத்துவ இதழில், கொடி தாமதமாக விழுந்து, உடம்பெங்கும் தொற்று வந்து, நியூட்ரோபில்கள் சரியாக நகராத குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். காரணம் பின்னால்தான் தெரிந்தது. வெள்ளணுவின் மேல் இருக்க வேண்டிய சிடி18 என்ற ஒட்டுப் புரதம் அந்தக் குழந்தைகளிடம் இல்லை, அல்லது மிகக் குறைவு.

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒட்டுதலைப் பற்றிச் சொல்லத்தான், கொடிக் கதை அதற்குள் போக ஒரு வாசல்.

ஊரில் வயல்வரப்பில் நடந்தால் பாவாடை ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டிக்கொள்ளும். யார் துணி, எந்த இடம் என்று அதற்குக் கணக்கில்லை, உரசினால் ஒட்டும். வெள்ளணு நாயுருவி மாதிரி இருந்திருந்தால் நாம் ஒரு நாள் கூடத் தாங்க மாட்டோம். ஒரு நாளைக்கு நம் எலும்பு மஜ்ஜை பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அத்தனையும் கண்ட இடத்தில் ஒட்டினால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைத்துப்போகும், நொதிகள் நல்ல திசுவையே அரிக்கும். ஒரு இடத்திலும் ஒட்டாமல் போனாலோ, சின்ன முள் குத்திய காயம் கூட உயிருக்கு உலை வைக்கும். ஆகவே உடம்பு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. ஒட்டும் கை செல்லிடம் எப்போதும் இருக்கும், ஆனால் மடங்கியே இருக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் அதை நீட்ட வேண்டும் என்று சுற்றியிருக்கிற திசு ரசாயனத்தில் சொல்லி அனுப்பும்.

அந்த உத்தரவு எப்படிப் போகிறது என்று பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது. விரலில் முள் குத்துகிறது என்று வையுங்கள். அங்கே முன்னமே காவல் இருக்கிற மேக்ரோபேஜ்களும் மாஸ்ட் செல்களும் கிருமியின் வாசனை தெரிந்ததும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. அவற்றில் ஒன்றான ஹிஸ்டமைன் பட்ட சில நிமிடங்களில், பக்கத்துச் சிறு சிரைகளின் உள்சுவர் செல்கள் தங்கள் உள்ளே பொட்டலம் கட்டி வைத்திருந்த பி-செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தை மேலே கொண்டுவந்து வைக்கின்றன. டிஎன்எஃப், ஐஎல்-1 என்ற இரண்டு உத்தரவுகள் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவை ஜீன்களையே தட்டி எழுப்பி இ-செலக்டின், ஐகாம்-1 என்ற புதுப் புரதங்களைச் செய்ய வைக்கும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். ஒரு காயம் உடனே சிவப்பதும், மறுநாள்தான் நன்றாக வீங்கி வலிப்பதும் ஏன் என்பதில் ஒரு பங்கு இதற்குள் இருக்கிறது.

வேகமாக ஓடுகிற ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த நியூட்ரோபில் இந்தச் செலக்டின்களில் தட்டுப்பட்டு வேகம் குறைந்து சுவரோரமாக உருள ஆரம்பிக்கும். செலக்டினின் பிடி பலவீனமானது, பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். தென்னாப்பிரிக்காவில் மினிபஸ் டாக்சி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ரோட்டோரம் நிற்கிறவர் ஒரு விரலை மேலே உயர்த்தினால் நகரத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம், டிரைவர் ஓரமாக மெதுவாக வந்து அந்த விரலைப் பார்த்த பிறகுதான் பிரேக் போடுவார், தன் ரூட்டுக்கான சைகை இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பார். உருள்வது அப்படி ஓரமாக மெதுவாக வருவது. விரல் சைகை என்பது கீமோகைன்.

கீமோகைன்கள் மிகச் சிறிய புரதங்கள், ஐஎல்-8 அவற்றில் பேர் போனது. இவற்றை ரத்தத்தில் கரைத்து விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா, அதனால் குழாய்ச் சுவரில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் அவற்றைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கின்றன. உருண்டு வருகிற நியூட்ரோபில் தன் ஏற்பியால் அதைத் தொடுகிறது. தொட்ட ஒரு நொடிக்குள், செல்லின் உள்ளே டாலின், கின்ட்லின் என்ற இரண்டு புரதங்கள், நான் சொன்ன ஒட்டும் கையான இன்டெக்ரின் என்ற புரதத்தின் வாலைப் பிடிக்கின்றன, வெளியே மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் நிமிர்ந்து நீண்டு, ஐகாம்-1ஐ இறுக்கிப் பிடிக்கிறது. செல் நிற்கிறது. வெளியில் இருந்து வந்த சேதி உள்ளே போய், உள்ளே இருந்து திரும்ப வெளிக்கையை நீட்ட வைக்கிறது. அந்த இன்டெக்ரினின் ஒரு பாதிதான் நான் மேலே சொன்ன சிடி18. கின்ட்லின்-3 மட்டும் பழுதாகப் பிறக்கிற குழந்தைகளும் உண்டு, அவர்களிடம் இன்டெக்ரின் முழுதாக இருக்கும், ஆனால் உத்தரவு வந்தும் கை நீளாது. அவர்களுக்குத் தொற்றோடு ரத்தக்கசிவும் சேர்ந்து வரும், ஏனென்றால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதற்கும் அதே கின்ட்லின்தான் வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஆரம்பகால ஆட்களில் ஜெர்மனியின் ஜூலியஸ் கோன்ஹைம் முக்கியமானவர், 1867ல் தவளையின் குடல்சவ்வை விரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெள்ளணுக்கள் சுவரோரம் வரிசை கட்டி நின்று பிறகு சுவரின் ஊடாகவே வெளியேறுவதை எழுதிவைத்தார். கீமோகைன் என்ற வார்த்தையே இல்லாத காலம். என் ஸ்லைடில் செல்கள் செத்து, சாயம் ஏறி, அசையாமல் கிடக்கும். அவர் உயிரோடு பார்த்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள், எனக்கு அதுதான் சுவாரசியம். திசுவுக்குள் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், லேமினின் என்று நார்களும் புரதங்களும் வலை மாதிரி பின்னிக் கிடக்கும். நியூட்ரோபில் நிமிடத்துக்கு 10 மைக்ரான் அளவில் அதற்குள் போகிறது, அதாவது கிட்டத்தட்ட தன் நீளத்தைக் கடக்க ஒரு நிமிடம். முன்பக்கம் பிடிக்க வேண்டும், பின்பக்கம் விட வேண்டும். பின்னால் விடாவிட்டால் செல் இழுபட்டு நிற்கும், முன்னால் பிடிக்காவிட்டால் சில பரப்புகளில் வழுக்கும். டென்ட்ரிடிக் செல்கள் என்ற வெள்ளணு வகை மாதிரி சிலது, முப்பரிமாண வலைக்குள் இன்டெக்ரினே இல்லாமல் உடம்பை நெளித்து நுழைத்துப் போய்விடும் என்று 2008ல் எலிகளில் காட்டினார்கள். வலையில் ஒட்டிப் பிடித்துத்தான் போக வேண்டும் என்று அதுவரை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கிருமியின் புரதத் துணுக்குகள், சி5ஏ என்ற ரத்தப் புரதத் துணுக்கு, முன்னால் போன நியூட்ரோபில்களே விடுகிற லூக்கோட்ரையீன் பி4, இப்படி எந்த ரசாயனம் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் முன்பக்கம் ஆகிறது.

சில செல்கள் போன இடத்திலேயே தங்க வேண்டும். முன்பு பார்த்த கிருமியை நினைவு வைத்திருக்கிற வெள்ளணுக்களான நினைவு டி-செல்களில் ஒரு வகை, குடல், தோல், நுரையீரல் சுவர்களில் குடியேறிவிடும். அங்குள்ள டிஜிஎஃப்-பீட்டா என்ற சேதி அவற்றிடம் சிடி103 என்ற இன்டெக்ரினை வளர்க்கச் சொல்கிறது, அது அந்தச் சுவர்களின் மேற்பரப்புச் செல்களில் இருக்கிற இ-கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்திலும் நிணநீரிலும் எஸ்1பி என்ற கொழுப்புச் சேதி அதிகம், திசுவில் குறைவு, அந்த வித்தியாசம்தான் செல்களை வெளியே இழுக்கும். தங்க வேண்டிய செல் அந்த இழுப்பைக் கேட்காதபடி காதை மூடிக்கொள்கிறது.

இனி என் வேலைக்கு வருகிறேன். வார்டில் இருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும்: நோயாளிக்கு ஜுரம் இல்லை, வெள்ளணு மட்டும் நேற்றைக்கு இன்று இரட்டிப்பாகியிருக்கிறது, உங்கள் மெஷினில் தப்பா? நாங்கள் முதலில் கேட்பது ஸ்டீராய்டு கொடுத்தீர்களா என்றுதான். நம் ரத்தக்குழாய்களில் இருக்கிற நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி எந்த நேரமும் சுவரோரம் ஒதுங்கி நிற்கும், ஊசி போட்டு எடுக்கிற ரத்தத்தில் அவை வராது. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்திவிடும், மஜ்ஜையில் இருந்தும் புதியவற்றை ரத்தத்துக்குள் இறக்கிவிடும், ஒதுங்கி நின்றவை எல்லாம் ஓட்டத்தில் சேர்ந்து எண்ணிக்கை ஏறும். காகிதத்தில் படை பெருகியிருக்கும், காயத்தில் படை குறைந்திருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொற்று அமுங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடிவிட்டு வந்து உடனே ரத்தம் கொடுத்தாலும் அட்ரினலினால் எண்ணிக்கை ஏறும். அதனால் பரிசோதனைச் சீட்டில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள், தயவு செய்து. நாங்கள் வெறும் நம்பரைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

இந்த ஒட்டுதலை மருந்தால் தடுக்கப் போய் மருத்துவ உலகம் பட்ட பாடும் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைந்து நரம்பின் உறையைத் தின்கின்றன. ஆல்ஃபா-4 இன்டெக்ரினை மூடிவிட்டால் உள்ளே நுழைய முடியாது என்று நடாலிசுமாப் என்ற மருந்தைச் செய்தார்கள், 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் உண்மையில் கட்டுப்பட்டது. 2005 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். மூளையைக் காவல் காக்கிற செல்களும் உள்ளே போகாததால், பெரும்பாலானவர்கள் உடம்பில் சும்மா கிடக்கிற ஜேசி வைரஸ் சிலருக்கு மூளையை அழித்துவிட்டது. 2006ல் கடுமையான கண்காணிப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏனென்றால் அந்த மருந்தால் நடக்க முடிந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்டார்கள். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அதற்கப்புறம் குடல் அழற்சி நோய்க்கு வந்த வெடோலிசுமாப் என்ற மருந்து குடலுக்குப் போகிற செல்கள் வைத்திருக்கிற ஆல்ஃபா-4 பீட்டா-7 என்ற ஜோடியை மட்டும் மூடுகிறது. எந்தத் திசுவுக்கு எந்தக் கை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதன் பலன் அது.

டர்பனில் இருந்து எழுதும்போது காசநோயைச் சொல்லாமல் முடியாது. இந்த மாகாணத்தில் எச்ஐவியும் காசநோயும் கைகோத்துக்கொண்டு எத்தனை வீடுகளைக் காலி செய்தன என்பது இங்கே வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். காசநோய்க் கிருமியைக் கொல்ல முடியாதபோது உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டுகிறது. மேக்ரோபேஜ்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கி ஒட்டி, டி-செல்கள் சுற்றி நின்று, ஒரு உருண்டையாக நிற்கும், கிரானுலோமா என்பார்கள். அந்தச் சுவரைக் கலையாமல் வைத்திருக்கிற சேதிகளில் ஒன்று டிஎன்எஃப், முள் குத்திய விரலில் சுவரைத் தயார்ப்படுத்தியதே அதே டிஎன்எஃப். என் பெரிய நாத்தனாருக்கு மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப் தடுக்கிற ஊசி போட முடிவானபோது, டாக்டர் முதலில் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். அவருக்குக் கோபம். "எனக்கு முட்டிதானே வலி, நெஞ்சை எதுக்குப் படம் எடுக்கணும்?" என்றார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் ஒரு மணி நேரம் சொன்னேன். அந்த ஊசி போட்டவர்களில் சிலருக்கு உறங்கிக் கிடந்த காசநோய் எழுந்ததை 2001லேயே பார்த்துவிட்டார்கள், சுவரைப் பிடித்து நிறுத்துகிற உத்தரவை நிறுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வரும். புரிந்ததும் மறுநாளே போய் எடுத்துவிட்டார்.

சரி, என் மகன். 20ஆம் நாள் குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டில் யாரிடமும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. கடுமையான வகையில், மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை, அதை ஆயாவிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் தொப்புளைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார், சிவப்பு இல்லை, வாடை இல்லை. சிசேரியன் குழந்தைகளுக்குத் தாமதமாகும் என்றார், தினமும் ஸ்பிரிட் தடவுகிறாயா என்று கேட்டார். தடவிக்கொண்டிருந்தேன், காலை, மாலை இரண்டு வேளையும். ஸ்பிரிட்டும் கொடி விழுவதைத் தள்ளிப்போடும், நிறுத்து, காய விடு என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

அந்த ஸ்லைடை நானே பார்க்கக் கூடாது என்று என் மேலதிகாரி சொன்னார், அவர் சொன்னது நியாயம். அவர் பார்த்தார். வெள்ளணு 11,000. இந்த நோய் உள்ள குழந்தைகளிடம், ஒட்ட முடியாமல் எல்லாம் ரத்தத்திலேயே தேங்கி, தொற்று இல்லாதபோதே எண்ணிக்கை இதைவிட மிக அதிகமாக இருக்கும். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து அன்றைய மீதி டியூட்டியைப் பார்த்தேன்.

23ஆம் நாள் டயப்பரில் விழுந்து கிடந்தது, காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி. ஆயா அதைக் கழுவித் துடைத்து ஒரு வெள்ளித் தாயத்துக்குள் வைத்து மூடினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம், மூன்று வாரம் கொடி தங்கியிருப்பது பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, இந்த நோய் லட்சக்கணக்கான பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் வரும். ஆனால் ஒரு மாதம் தாண்டினாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழே வைக்காத புண் திரும்பத் திரும்ப வந்தாலோ, சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை சிறு வயதிலேயே தொற்றில் போயிருந்தாலோ, ஒரு ரத்த எண்ணிக்கை எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் சிடி18 இருக்கிறதா என்று, செல்களின் மேலுள்ள புரதங்களைக் கண்டுபிடிக்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையில் பார்த்துவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சையில் குழந்தை பிழைக்க வழி இருக்கிறது.

இப்போது அவனுக்கு 6 வயது. போன ஆடியில் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, இங்கே எல்லாரும் போரிட்ஜ் பிரேயர் என்பார்கள், மைதானத்தில் ஓடி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் பொருக்கின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு துளி சீழ். ஆயாவுக்கு இப்போது கண் மங்கல், கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சீ, சீழ் வெச்சிருக்கு பாரு, கழுவு" என்று என்னைக் கூப்பிட்டார். வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். குழாய்ச் சுவரில் உருண்டு, நின்று, நுழைந்து, முட்டி வரை வந்து செத்துப்போன நியூட்ரோபில்கள்தான் அந்த மஞ்சள். துடைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் "எரியுதும்மா, சீக்கிரம்" என்று காலை இழுக்கும் வரைக்கும்.